எட்டடிப் பலகையிலிருந்து பதினாறடி: படகுக்கு ப்ளைவுட்டைச் சாய்வாக ஒட்டும் முறை

பெரியமேட்டுப் பக்கம் சைடன்ஹாம்ஸ் சாலையில் எந்த ப்ளைவுட் கடையில் நுழைந்தாலும் கடைக்காரர் தடிமனை மட்டும்தான் கேட்பார். நீள அகலத்தைக் கேட்கமாட்டார்; அது "எட்டுக்கு நாலு" என்று எப்போதோ முடிவாகிவிட்டது. 2440 மி.மீ. நீளமும் 1220 மி.மீ. அகலமும் கொண்ட அந்தப் பலகை அலமாரிக்கும் கட்டிலுக்கும் தாராளம், படகுக்குப் பற்றாது. 1947-இல் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் சிறுவர்களுக்காக வடிவமைத்த ஆப்டிமிஸ்ட் பாய்மரப் படகு ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளத்தோடு நின்றதற்கு எட்டடிப் பலகையே காரணம். அதைவிட நீளமான படகு வேண்டுமென்றால் இரண்டு பலகைகளை ஒன்றாக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் படகு கட்டுவோர் கைக்கொள்ளும் முறைகளில் சிறந்தது, ஸ்கார்ஃப் என்று சொல்லப்படும் சாய்வு ஒட்டு.

இரண்டு பலகைகளின் விளிம்புகளையும் ஆப்புபோல் நீளமாகச் சீவி, ஒன்றின் சரிவின்மேல் மற்றொன்றின் சரிவைப் படுக்க வைத்து ஒட்டுவதே இம்முறை. ஒட்டிய இடத்தில் தடிமன் கூடுவதில்லை. மரத்தின் வெட்டு முனை பசையை உறிஞ்சிக் கொள்ளுமே தவிர, பசையைப் பிடித்துக்கொண்டு நிற்காது என்பதை நாற்காலி பழுது பார்த்தவர்கள்கூட அறிவார்கள். 6 மி.மீ. பலகைகள் இரண்டை விளிம்போடு விளிம்பாக முட்டவைத்தால் பசைக்குக் கிடைக்கும் பரப்பு 73 சதுர செ.மீ. மட்டுமே. அதே விளிம்பை 48 மி.மீ. அகலத்துக்குச் சரித்துவிட்டால் பரப்பு ஏறத்தாழ 590 சதுர செ.மீ. ஆகிவிடுகிறது.

முட்டவைத்து, பின்னால் ஒரு பட்டையை அறைந்து ஒட்டும் முறையும் உண்டு. அது எளிது, வலுவும் போதும்; தட்டையாகவே இருக்கும் அடிப்பலகைக்கு அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் படகின் பக்கப்பலகை வளைய வேண்டியது. பட்டை அடித்த இடம் வளைய மறுத்து விறைத்து நிற்க, அதன் இரு புறமும் பலகை கூடுதலாக வளைந்து, கரையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கே அந்த முட்டு தெரியும். சாய்வு ஒட்டு முழுப் பலகையோடு சேர்ந்து ஒரே சீராக வளையும்.

இந்தக் கடற்கரைக்கு மரத்தை மரத்தோடு இணைக்கும் கலை புதிதன்று. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலைகளின் ஊடே சென்னைக் கரைக்குக் கொண்டுவந்த மசூலாப் படகுகளில் பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அலை அடிக்கும்போது தையல் இளகிக் கொடுத்ததால் பலகை உடையவில்லை. இன்று ப்ளைவுட் படகின் பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, அவை சேரும் மூலையில் எப்பாக்சி என்னும், இரண்டு திரவங்களைக் கலந்தால் இறுகும் பசையை நிரப்புகிறோம். கம்பியைப் பிறகு உருவி எடுத்துவிடுகிறோம் என்பதைத் தவிர வேலை பெரிதாக மாறிவிடவில்லை.

அளவு

சரிவின் நீளம் பலகையின் தடிமனைப்போல் எட்டு மடங்கு இருக்க வேண்டும். 4 மி.மீ. பலகைக்கு 32, 6 மி.மீ. பலகைக்கு 48, 9 மி.மீ. பலகைக்கு 72, 12 மி.மீ. பலகைக்கு 96 மி.மீ. என்று கணக்கு. பாய்மரத் தண்டு போன்ற முழு மரத்துக்குப் பன்னிரண்டு மடங்கு வைப்பார்கள்; ப்ளைவுட்டுக்கு எட்டே போதும். எட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. பத்துக்கும் பன்னிரண்டுக்கும் ஏறினால் தவறில்லை, ஆனால் விளிம்பு மெல்லிய தாள்போல் ஆகிக் கையோடு பிய்ந்து வரும். அதனால் கிடைக்கும் பலத்தைவிடத் தொல்லை அதிகம்.

ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதால் மொத்த நீளத்தில் ஒரு சரிவின் அளவு குறைந்துவிடும். 6 மி.மீ. பலகைகள் இரண்டை ஒட்டினால் கிடைப்பது 4880 அன்று, 4832 மி.மீ.; அதாவது பதினாறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. வரைபடத்தில் சரியாகப் பதினாறடி என்று எழுதிவிட்டுப் பலகை வாங்கப் போனால், அந்த இரண்டு அங்குலத்துக்காக மூன்றாவது பலகை வாங்க நேரிடும்.

பலகையைத் தேர்ந்தெடுத்தல்

படகுக்கு ஐ.எஸ். 710 என்னும் இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட் தேவை. ஐ.எஸ். 303-இன் கீழ் வரும் பி.டபிள்யூ.ஆர். என்னும் வகைப் பலகை சமையலறை அலமாரிக்கு உரியது. தண்ணீர் தெளித்தால் தாங்கும், தண்ணீரிலேயே கிடந்தால் தாங்காது. 710-க்கான சோதனையில் பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிக்க வைத்தும், ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிய அதன் மரப் படலங்கள் பிரியக் கூடாது. முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம் என்பதை நான் கைப்பணம் கொடுத்துக் கற்றேன். முத்திரை அழகாகப் பதிந்த பலகை ஒன்றிலிருந்து தீப்பெட்டி அளவுத் துண்டை அறுத்து, பழைய அலுமினியப் பாத்திரத்தில் கொதிக்க விட்டதில் நான்காவது மணி நேரத்தில் நடுப்படலம் வாயைப் பிளந்துவிட்டது. பலகையும் போயிற்று, அந்தப் பாத்திரத்தையும் அதற்குப்பின் வீட்டில் சமையலுக்கு எடுக்கவில்லை. அன்று முதல், கடையில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்து, ஒரு பகல் முழுவதும் கொதிக்க வைத்துப் பார்த்த பிறகே பலகைக்குப் பணம் கொடுக்கிறேன். எந்தக் கடைக்காரரும் முகம் கோணாமல் துண்டு கொடுப்பதில்லை. கொடுக்க மறுப்பவரிடம் வாங்குவதுமில்லை.

வாங்கும்போது நான்கு விளிம்புகளையும் குனிந்து பார்க்க வேண்டும். நடுப்படலங்களுக்கு இடையே கறுப்பாகப் பொந்து தெரிந்தால், அதே பொந்து உள்ளேயும் ஓடும்; சரிவு சீவும்போது அது பல் விழுந்த வாய்போல் வெளியே வரும். இணைக்கப்போகும் பலகைகள் இரண்டும் ஒரே கட்டிலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். "6 மி.மீ." என்று விற்கும் பலகைகளுக்குள்ளேயே அரை மி.மீ. வேறுபாட்டை என் வெர்னியர் காட்டியிருக்கிறது. அரை மி.மீ. வேறுபட்டால் ஒட்டிய இடத்தில் படி விழும். பிறகு அதைத் தேய்த்துச் சமன் செய்யப் போனால் மேற்படலமே போய்விடும்.

அடுக்கும் முறை

சரிவு சீவுவதற்கு மேசை வேண்டும். அழகாக இருக்க வேண்டியதில்லை, தட்டையாக இருக்க வேண்டும். பழைய ஃப்ளஷ் கதவு ஒன்றை நான்கு அடுக்குச் செங்கல்மேல் கிடத்தி, குறுக்கும் நெடுக்கும் நூல் பிடித்துப் பார்த்துச் சமன் செய்துகொண்டால் அதுவே போதுமானது. மேசையில் மேடுபள்ளம் இருந்தால், மேலே கிடக்கும் பலகையும் அதன் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். இழைப்புளி நேராகப் போனாலும் சரிவு நேராக வராது.

முதலில் ஒவ்வொரு பலகையின் விளிம்பிலிருந்தும் 48 மி.மீ. தள்ளிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு முதல் பலகையின் விளிம்பு மேசையின் விளிம்போடு சேரும்படி கிடத்தி, இரண்டாவது பலகையை அதன்மேல் 48 மி.மீ. பின்தள்ளி, முதல் பலகையின் கோட்டில் அதன் விளிம்பு நிற்கும்படி வைக்க வேண்டும். நான்கு பலகைகள் இருந்தால் நான்கு படிக்கட்டு வரும். இந்தப் படிக்கட்டை ஒரே சாய்தளமாகச் சீவுவதுதான் வேலை. எல்லாச் சரிவுகளும் ஒரே சமயத்தில், ஒரே கோணத்தில் வந்துவிடுவதோடு, அகலமான தளமாகக் கிடைப்பதால் இழைப்புளியும் தள்ளாடாமல் உட்கார்ந்து ஓடும். ஒரே ஒரு பலகையைத் தனியாக வைத்துச் சரிவு சீவுவது இதைவிடக் கடினம். மேசை விளிம்புக்கும் முதல் பலகைக்கும் இடையே ஒரு கழிவுப் பலகையைக் கொடுத்துவிட்டால் கத்தி கதவில் இறங்காது, கீழ்ப்பலகையின் மெல்லிய விளிம்புக்கும் தாங்கல் கிடைக்கும். எல்லாவற்றையும் பின்பக்கமாக ஒரு சட்டம் போட்டு கிளாம்ப்பால் இறுக்கிவிட வேண்டும். நடுவில் ஒரு பலகை நகர்ந்தாலும் மொத்தமும் மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

இங்கே பலரும் தவறும் இடம் ஒன்று உண்டு. அடுக்கில் எல்லாச் சரிவுகளும் மேல்முகத்தில்தான் விழுகின்றன. ஆனால் ஒட்டும்போது ஒரு பலகை அப்படியே கிடக்க, மற்றொன்று தலைகீழாகப் புரட்டப்பட்டு அதன்மேல் வரும். எனவே ஜோடியில் ஒன்றின் நல்ல முகம் மேலே பார்க்கவும், மற்றொன்றின் நல்ல முகம் கீழே பார்க்கவும் அடுக்கினால்தான் ஒட்டிய பிறகு இரண்டு நல்ல முகங்களும் படகின் வெளிப்புறத்தில் சேர்ந்து நிற்கும். அடுக்கும் முன்பே ஒவ்வொரு பலகையிலும் "வெளி", "உள்" என்று பெரிதாக எழுதிவிடுவது நல்லது. மனத்தில் புரட்டிப் பார்த்துச் சரி என்று நினைப்பதை நான் நம்புவதில்லை; இரண்டு அஞ்சலட்டைகளை வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டே அடுக்குகிறேன்.

சீவுதல்

படிகளின் மூக்கை மின் இழைப்புளியால் தட்டிவிடலாம். முக்கால் பங்கு மரம் அதிலேயே போய்விடும். மீதியைக் கை இழைப்புளியால்தான் எடுக்க வேண்டும், தடித்த பக்கத்திலிருந்து மெல்லிய விளிம்பை நோக்கிச் சற்றே குறுக்காக. எதிர்த்திசையில் தள்ளினால் விளிம்பு பிய்ந்துவிடும். ப்ளைவுட்டுக்குள் இருக்கும் ஃபீனால் பசை கத்தியின் கூரை விரைவில் தின்றுவிடும். தேக்கில் ஒரு நாள் நிற்கும் கூர் இதில் ஒரு மணி நேரம் நின்றால் பெரிது. சாணைக்கல்லைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதும், இரண்டாவது கத்தி ஒன்று தீட்டி வைத்திருப்பதும் நேரத்தை மிச்சப்படுத்தும். கடைசியில் ஓரடி நீளமுள்ள நேரான கட்டையில் 80-ஆம் எண் உப்புத்தாளைச் சுற்றி ஒரு முறை ஓட்டினால் போதும். பெல்ட் சாண்டரை நான் பரிந்துரைப்பதில்லை. அது வேகமாகத்தான் தேய்க்கும். ஆனால் ஒரு கணம் கை நின்றாலும் அந்த இடத்தில் குழி விழும், விளிம்புகளும் உருண்டுவிடும்.

சீவச் சீவ, பலகையின் ஒவ்வொரு படலமும் ஒவ்வொரு பட்டையாக வெளியே தெரியத் தொடங்கும். என் பலகை ஐந்து படலம். மேலே சிவந்த பழுப்பு, அடுத்தது வெளிர் மஞ்சள், இப்படி மாறி மாறி, நடுவே கறுத்த பழுப்பு நிறத்தில் நான்கு பசைக் கோடுகள். இந்தக் கோடுகள்தாம் இந்த வேலையில் அளவுகோல், மூலைமட்டம், ரசமட்டம் எல்லாமே. அவை பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக, விளிம்புக்கு இணையாக ஓடினால் சரிவு சரியாக இருக்கிறது. ஓரிடத்தில் கோடு விளிம்பை நோக்கிப் பிதுங்கினால் அங்கே மேடு இருக்கிறது, இன்னும் எடுக்க வேண்டும். பலகையின் உள்பக்கம் நோக்கி வளைந்தால் அங்கே அதிகம் எடுத்தாயிற்று. மற்ற இடங்களை அந்த ஆழத்துக்குக் கொண்டுவர வேண்டும். படலங்களே சில பலகைகளில் தடிமன் ஏறி இறங்கி இருக்கும் என்பதால், ஒரு பட்டை மற்றொன்றைவிட அகலமாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்த ஐயத்தை எஃகு அளவுகோலைச் சரிவில் நிமிர்த்தி வைத்து, பின்னால் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

முதல் தடவை நான் சீவியபோது, எங்கள் தெருவில் பட்டறை வைத்திருந்த ஆசாரி ஒருவர் வந்து பார்த்தார். ஐம்பது ஆண்டு கதவும் சன்னலும் செய்த கை, படகு செய்ததில்லை. கோடுகள் வயல் வரப்புபோல் வளைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, "பலகை மேல தப்பு இல்ல தம்பி, நீ ரெண்டு முனையிலயும் அழுத்தி நடுவுல விடுற" என்றார். தள்ளத் தொடங்கும்போது முன்கையிலும், முடிக்கும்போது பின்கையிலும் பாரத்தை மாற்ற வேண்டும் என்று அவர் காட்டிக் கொடுத்தார். கோடுகள் நிமிர அரை மணி நேரம் ஆயிற்று.

விளிம்பு அஞ்சலட்டைத் தடிமனுக்கு வந்ததும் நிறுத்திவிடலாம். கத்திபோல் பூஜ்யமாக்க முயன்றால் அது அலையலையாகக் கிழியும். பென்சில் கோட்டைத் தாண்டிப் பின்னால் போய்விடக் கூடாது. சீவிய முகத்தை வழவழப்பாக்கவும் தேவையில்லை. 80-ஆம் எண் தாளின் கீறல் பசைக்கு நல்லது. தூசியைத் தூரிகையால் தட்டிவிட்டு, சரிவைக் கையால் தடவாமல் வைக்க வேண்டும். வியர்வைக் கை எண்ணெய்க் கைக்குச் சமம்.

ஒட்டுதல்

வெள்ளைப் பசை இதற்கு ஆகாது. தண்ணீர் பட்டால் இளகும். எப்பாக்சிதான் வேண்டும். ரெசினும், அதை இறுக வைக்கும் ஹார்டனரும் தனித்தனியாக வரும். கலவை விகிதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், எடைக் கணக்கும் கொள்ளளவுக் கணக்கும் வேறு வேறாக இருக்கும். டப்பாவில் எழுதியிருப்பதை அப்படியே பின்பற்றி, ஒரு கிராம் காட்டும் மின்தராசில் அளக்க வேண்டும். வேகமாக இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுவது பாலியெஸ்டர் ரெசினில் பழகியவர்கள் செய்யும் தவறு. எப்பாக்சியில் அப்படிச் செய்தால் கலவை வேகமாக இறுகாது, என்றைக்கும் முழுதாக இறுகாது. நான்கடி அகலமுள்ள ஒரு 6 மி.மீ. ஒட்டுக்கு மொத்தம் 100 கிராம் கலவை சரியாக இருக்கும்.

சென்னை வெயிலில் எப்பாக்சியோடு வேலை செய்வது கொஞ்சம் பரபரப்பானது. வெப்பம் பத்து டிகிரி கூடினால் கலவை கையில் நிற்கும் நேரம் பாதியாகிவிடும். 25 டிகிரியில் அரை மணி நேரம் தாங்குவது 35 டிகிரியில் கால் மணி நேரம்தான். கலவை கிண்ணத்தில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே தான் வேகும். அக்னி நட்சத்திர நாளொன்றில் நான் ஐஸ்கிரீம் கிண்ணத்தில் கலக்கி வைத்த கால் கிலோ, தூரிகையைத் தேடி எடுத்து வருவதற்குள் புகை விட்டு, கிண்ணத்தை உருக்கிக்கொண்டு மொட்டை மாடித் தரையில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. கலக்கியவுடன் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட்டால் சூடு சேராது. மெதுவாக இறுகும் ஹார்டனர் கிடைத்தால் மார்கழி தவிர மற்ற மாதங்களுக்கெல்லாம் அதையே வாங்க வேண்டும்.

நேரத்தையும் பார்த்து எடுக்க வேண்டும். காலையில் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியே வரும். பூசிய எப்பாக்சியில் கொப்புளம் கட்டும். மாலை ஐந்து மணிக்கு மேல், கடற்காற்று வீசி மரம் குளிரத் தொடங்கும்போது பூசினால் சுருங்கும் காற்று எப்பாக்சியை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் மேற்கூரை இருக்க வேண்டும். இரவில் இறங்கும் பனியும், ஐப்பசி கார்த்திகையின் ஈரமும் இறுகாத எப்பாக்சிக்கு ஆகாதவை. மழை மாதங்களில் பலகையே ஈரம் குடித்திருக்கும். இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் நிறுத்தி வைத்த பிறகே ஒட்டுவது நல்லது.

பசை தொடும் முன் ஒரு முறை வெறுமனே பொருத்திப் பார்க்க வேண்டும். இரண்டு பலகைகளின் நீள விளிம்புகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று பதினாறடிக்கும் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். இந்த முனையில் ஒரு மி.மீ. கோணம் தப்பினால் அந்த முனையில் அங்குலக் கணக்கில் விலகும். எல்லாம் சரியென்றால் ஒட்டு விழும் இடத்தின் இரு ஓரங்களிலும் மெல்லிய ஆணி ஒவ்வொன்றைப் பலகைகளை ஊடுருவி மேசைக்குள் இறங்கும்படி அடித்து, தலையை வெளியே விட்டு, பிறகு பிடுங்கி எடுத்துவிட வேண்டும். ஒட்டும்போது அதே துளைகளில் ஆணியை மறுபடி இறக்குவதற்காகத்தான் இது. ஈரப் பசை பூசிய சரிவு என்பது பாசி படிந்த குளத்துப் படி. என் முதல் ஒட்டில் ஆணி இல்லை. பாரம் ஏற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் எல்லாம் சரியாகவே இருந்ததாகத் தோன்றிற்று. காலையில் பிரித்துப் பார்த்தால் மேல்பலகை 9 மி.மீ. சறுக்கி, ஒட்டு முழுவதும் ஒரு மேடாக நின்றது. அந்த இடத்தை ரம்பத்தால் அறுத்தெறிந்துவிட்டு, முதல் படியிலிருந்து மறுபடி சீவினேன்.

மேசைமேல் பாலிதீன் தாள் விரித்துவிட்டு, முதலில் தூள் எதுவும் சேர்க்காத, தண்ணீரான எப்பாக்சிக் கலவையை இரண்டு சரிவுகளிலும் பூச வேண்டும். பத்து நிமிடத்தில் சில இடங்கள் மங்கிப்போய், மரம் குடித்துவிட்டது என்று காட்டும். அங்கே மறுபடி பூச வேண்டும். எல்லா இடமும் ஒரே பளபளப்பாக நிற்கும்வரை இதை விடக் கூடாது. நான் உடைந்துபோகப் பார்த்த சாய்வு ஒட்டுகளில் பாதிக்குமேல் இந்தப் படியைத் தாவியவை. நேரடியாகக் கெட்டிப் பசையை வைத்தால், அதிலுள்ள எப்பாக்சியை வெட்டு முனை உறிஞ்சிக்கொண்டு, வெறும் தூளை நடுவில் விட்டுவிடும்.

பிறகு மீதிக் கலவையில் சிலிக்கா தூளும் சன்னமாகச் சலித்த மரத்தூளும் சேர்த்துக் கெட்டியாக்க வேண்டும். பதம், தோசை மாவுக்கும் வடை மாவுக்கும் நடுவில்: குச்சியில் எடுத்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும், அழுத்தினால் நகர வேண்டும். சுவருக்குப் பூசும் பட்டியையோ சாக்பீஸ் தூளையோ சேர்க்கக் கூடாது. கீழ்ச் சரிவில் சீராகப் பரப்பி, மேல்பலகையைப் புரட்டி வைத்து, ஆணிகளைத் துளையில் இறக்கிவிட வேண்டும்.

மேலே மறுபடி ஒரு பாலிதீன் தாள், அதன்மேல் 18 மி.மீ. பலகைத் துண்டு அல்லது நேரான சட்டம், அதன்மேல் பாரம். கிளாம்ப் நான்கடி அகலத்தின் நடுவுக்கு எட்டாது. சென்னை வீடுகளில் இதற்கென்றே இருப்பதுபோல் 20 லிட்டர் தண்ணீர் கேன் இருக்கிறது. நான்கு கேன்களை வரிசையாக நிறுத்தினால் ஒட்டின் முழு நீளத்துக்கும் 80 கிலோ சீராக உட்காரும். இரண்டு பக்கமும் பசை மெல்லிய வரியாகப் பிதுங்கினால் பாரம் போதும். எப்பாக்சிக்கு அழுத்தம் தேவையில்லை, தொடுகை மட்டுமே தேவை. மரவேலைப் பழக்கத்தில் இறுக்கு இறுக்கு என்று இறுக்கினால், பசையெல்லாம் வெளியே வந்து உள்ளே வறண்ட ஒட்டு மிஞ்சும். பிதுங்கியதை அப்போதே வழித்துவிட்டால் மறுநாள் தேய்க்கும் வேலை பாதியாகும்.

கையுறை கட்டாயம். எப்பாக்சி முதல் நாள் ஒன்றும் செய்யாது. பல நாள் பட்டுப் பட்டுத்தான் ஒவ்வாமையாக மாறும், மாறிவிட்டால் திரும்பாது. தோலில் பட்டதைத் தின்னர் ஊற்றிக் கழுவினால் இன்னும் உள்ளே போகும். துணியால் துடைத்துவிட்டுச் சோப்பு போட வேண்டும்.

இறுகிய பிறகு

ஒரு முழு நாள் பாரத்தை எடுக்கக் கூடாது. தொட்டால் இறுகியதாகத் தெரிந்தாலும் முழு பலம் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை பலகையை வளைக்க வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் இறுகிய எப்பாக்சியின்மேல் மெழுகுபோல் வழுக்கும் ஒரு படிவு வரும். அதை முதலில் நல்ல தண்ணீராலும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாராலும் கழுவ வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் படிவு கீறலுக்குள் போய் அடுத்த பூச்சை ஒட்டவிடாது. பிதுங்கி இறுகியதை மட்டும் தேய்த்து எடுத்து, பலகையின் மேற்படலத்தைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும்.

உண்மையான பலகையில் கை வைப்பதற்கு முன், இரண்டு அங்குல அகலத் துண்டுகளில் மூன்று நான்கு ஒட்டுகள் செய்து, ஒரு வாரம் விட்டு, முழங்காலில் வைத்து உடைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். மரம் கிழிந்து, நார் நாராக உடைந்தால் ஒட்டு தேறியது. சரிவின் வழியே வழுவழுப்பாகப் பிரிந்து, இரண்டு முகங்களும் பளபளவென்று நின்றால் தேறவில்லை. பெரும்பாலும் தூசியோ, வியர்வையோ, முதல் பூச்சில் காட்டிய கஞ்சத்தனமோ காரணமாக இருக்கும். இந்தத் துண்டுகளை மட்டும் கொதிக்க வைத்துப் பார்க்கக் கூடாது. அறை வெப்பத்தில் இறுகும் எப்பாக்சி கொதிநீர்ச் சூட்டில் இளகுவது இயல்பு. அந்தச் சோதனை பலகைக்கு உரியது. இதே காரணத்துக்காகப் படகின் வெளிப்புறத்துக்கு வெள்ளையோ வெளிர் நிறமோ பூச வேண்டும். கறுப்பும் கருநீலமும் மே மாத வெயிலில் தொட முடியாத சூடேறும். நிறம் எதுவானாலும் பெயிண்ட் இல்லாமல் விடக் கூடாது. வெயிலில் வெறும் எப்பாக்சி மஞ்சளாகிப் பொடியும்.

படகில் ஒட்டு எங்கே விழ வேண்டும் என்பதை வெட்டும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். பலகை மிக அதிகமாக வளையும் முன்பகுதியில் வேண்டாம். இடப்பக்கப் பலகையிலும் அடிப்பலகையிலும் ஒட்டுகள் ஒரே குறுக்குக் கோட்டில் வரவும் வேண்டாம். ஓரடியாவது தள்ளித் தள்ளி இருக்கட்டும். வெளிப்புறத்தில் தெரியும் மெல்லிய விளிம்பு படகின் பின்பக்கம் பார்த்திருந்தால், ஓடும் தண்ணீர் அதைக் கிளப்பாமல் தடவிக்கொண்டு போகும்.

ஒட்டிய பலகையைத் தூக்குவதற்கு மூன்று பேர் வேண்டும். எடை ஒன்றும் பெரிதில்லை, 6 மி.மீ. என்றால் 25 கிலோ சுற்றித்தான் வரும். ஆனால் படுக்கை வசமாகத் தூக்கினால் நடுவில் தொய்ந்து, புதிய ஒட்டில் பாரம் இறங்கும். விளிம்பு நிமிர்ந்து நிற்க, இருவர் முனைகளிலும் ஒருவர் ஒட்டுக்குக் கீழேயும் பிடித்து நடக்க வேண்டும். மாடியில் ஒட்டுபவர்கள் முதலில் படிக்கட்டை அளந்து பார்த்துவிட வேண்டும். பதினாறடிப் பலகை எங்கள் வீட்டுப் படியில் திரும்பவில்லை. கடைசியில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே இரண்டு கயிறுகளில் கட்டி, எதிர்வீட்டுத் துணிக்கொடியை அவிழ்த்துத் தரச் சொல்லி, செங்குத்தாகச் சந்துக்குள் இறக்கினோம்.